பக்கத்துக்கு நாலு பைட்டு

மார்ச் 3

குட்டிக்கு,

கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும். மெயிலில் எழுதாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் நீதான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அடியில் ஓடும் மென்பொருளான கர்னலில் உன் பொறுப்பில் இருக்கும் பகுதியைப் பற்றி யார் தனியாக மெயில் போட்டாலும், அதை அப்படியே பொது மெயில் பட்டியலுக்குத் திருப்பிவிட்டு, "பேட்ச் பற்றிய பேச்சு எல்லோர் முன்னிலையிலும்" என்று மேலே ஒரு வரி போடுவாய். பாவம் ஒரு மனிதர், திருத்தம் தாமதமானதற்குத் தன் மூலவியாதியைக் காரணமாக எழுதியிருந்தார். நாலாயிரம் பேர் படித்தார்கள், முப்பது பேர் வைத்தியம் சொன்னார்கள். தாளை உன்னால் திருப்பிவிட முடியாது.

போனும் நமக்குச் சரிப்படாது. போன மாதம் நாம் பேசிய பேச்சுக்கு உன் அண்ணன் வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கர்னலுக்கு நான் எழுதிய திருத்தத்தை, என் பேட்சை நீ நிராகரித்ததுகூடப் பரவாயில்லை. "இந்த எண்கள் நம்பத்தகுந்தவை அல்ல" என்று அத்தனை பேர் முன்னால் எழுதினாயே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். தப்பாக எழுதியிருக்கிறேன், பொய்யாக எழுதியதில்லை.

முன்பின் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கோபத்தில் நீ படிக்காமல் தாண்டிய இடங்களும் இதில் சேர்ந்துவிடும். நாங்கள் செய்வது கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் மிஷின். சின்ன மருத்துவமனைகளுக்காகச் செய்தது, அதனால் மெமரி மொத்தமே 256 எம்பி. ஸ்கேன் போர்டு படத்தை பிராசஸரைக் கேட்காமல் நேராக மெமரியில் எழுதும். எந்த இடத்தில் எழுதலாம் என்று கர்னல் முன்கூட்டியே வழி திறந்துவிட வேண்டும், வேலை முடிந்ததும் மூட வேண்டும். ஒரு நோயாளியின் படம் 180 எம்பி. நாலு கேபி பக்கங்களாகப் பிரித்தால் 46,080 பக்கம். பக்கம் எங்கே இருக்கிறது, போர்டின் கண்ணுக்கு அது எந்த முகவரி என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் 32 பைட்டில் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்புப் பட்டியலை மென்பொருளின் மூன்று பகுதிகள் ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்கின்றன. ஆக மொத்தம் நாலே கால் எம்பி.

நான் செய்த மாற்றம் இவ்வளவுதான். எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒரே வரிசையாக போர்டுக்குக் காட்டும் முகவரி மாற்றி எங்கள் மிஷினிலேயே இருக்கிறது. வரிசையாகக் காட்டிவிட்ட பிறகு பக்கத்துக்குப் பக்கம் முகவரி எழுதி வைப்பானேன்? தெருவில் முதல் வீடு எது, மொத்தம் எத்தனை வீடு என்பது தெரிந்தால் போதாதா? தொடக்கம் ஒன்று, நீளம் ஒன்று. நாலே கால் எம்பி மிச்சம்.

உன் மேசையில் இருக்கும் இயந்திரத்துக்கு அது தூசு. என்னுடையதில் எல்லாம் போக மிஞ்சுவதே அவ்வளவுதான். அது கிடைக்காமல் மிஷின் நடுவில் உறைந்துவிடுகிறது. இருபத்தாறு மருத்துவமனைகளில் இருக்கிறது. ஏப்ரல் முப்பதுக்குள் சரியாகாவிட்டால் இருபத்தாறையும் திரும்ப எடுத்துவிடுவோம் என்று டைரக்டர் தேதி குறித்துவிட்டார். உன் வரியை அச்செடுத்து என் முன்னால் வைத்து, "கர்னல்காரங்களே நம்பாத நம்பரை நான் எப்படிம்மா நோயாளி மேல வைக்கிற மிஷின்ல போடறது?" என்று கேட்டார்.  அந்த ஊர்களில் வேறு ஸ்கேன் கிடையாது. சில இடங்களில் அடுத்த மிஷினுக்கு நாலு மணி நேர பஸ்.

தயவு கேட்கவில்லை. திரும்ப அளந்து பார் என்கிறேன்.

அண்ணி

மார்ச் 10

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கூரியர்காரர் கையெழுத்து கேட்டபோது அலுவலக வாசலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இங்கே யாருக்கும் தாளில் கடிதம் வருவதில்லை.

படிக்காமல் தாண்டியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பேட்சை ஏழு முறை படித்தேன். உங்கள் மிஷினில் இருக்கும் அதே சில்லு வைத்த சின்ன போர்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, 46,080 பக்கத்தையும் அதில் ஓட்டி, இரண்டு தடவை அளந்தேன். மெமரி குறையவில்லை. கூடியிருக்கிறது, 180 கேபி. இரண்டு தடவையும் அதே 180. நாலே கால் எம்பி மிச்சம் என்று நீங்கள் எழுதியதையும் என் முன்னால் தெரிந்ததையும் வைத்துக்கொண்டு வேறு எப்படி எழுதச் சொல்கிறீர்கள்?

இன்னொன்று. பட்டியலில் இதை நான் இன்னும் எழுதவில்லை. பக்கங்களை ஒவ்வொன்றாக வரிசையில் இணைக்கும்போது பாதியில் தோற்றால், நீங்கள் முழு நீளத்தையும் மூடுகிறீர்கள். இணைக்காத பாதியை எப்படி மூடுவது? அங்கே வேறொருவருடைய வழி இருந்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவீர்கள். உங்கள் மூன்றாவது பேட்ச், நூற்றுப் பன்னிரண்டாவது வரி.

நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று அண்ணன் போனில் கேட்டார். அவருக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் பேட்ச் ஒன்று வந்தது. அண்ணி அனுப்பியதுதானே என்று அரை மணி நேரத்தில் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே இன்னொருவரின் மாற்றத்தையும் அதோடு சேர்த்தேன். மறுநாளிலிருந்து ஊரெல்லாம் டிஸ்க்கில் இருந்த கோப்புகள் கெட்டுப்போயின. ஒன்பது நாள் தேடினேன். சேர்த்தபோது நான்தான் எங்கேயோ கை தவறிவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்த ஒன்பது நாளில் நீங்கள் எனக்கு அனுப்பியது ஒரே வரி: "உடம்பைப் பார்த்துக்கொள்." அன்றைக்கு முடிவு செய்தேன், இனி யாருடைய பேட்சையும் அளக்காமல் தொடுவதில்லை என்று.

பொறுப்பாளர்

மார்ச் 16

மாண்புமிகு பொறுப்பாளர் அவர்களுக்கு,

கையெழுத்து போடும் இடத்தில் பதவியைப் போட்டால் அண்ணி பயந்துவிடுவாள் என்று நினைத்தாயா? உன் பதவி எனக்குத் தெரியும், நீ முதல் புரோகிராம் எழுதத் தெரியாமல் அழுததும் தெரியும்.

சரி. நூற்றுப் பன்னிரண்டாவது வரி. நீ சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. படித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. எத்தனை பக்கம் இணைத்தோமோ அத்தனையை மட்டும் மூடும்படி மாற்றிவிட்டேன், இணைப்பைப் பாதியில் வேண்டுமென்றே உடைத்து ஆயிரம் தடவை ஓட்டினேன். பட்டியலுக்கு அனுப்பும்போது கண்டுபிடித்தவர் என்று உன் பெயரைப் போடுவேன். போடாதே என்று சொன்னாலும் போடுவேன்.

இப்போது உன் 180 கேபிக்கு வா. கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் உன் மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். சாயந்தரம் ஏதோ தோன்றி, அதை 46,080 பக்கத்தால் வகுத்துப் பார்த்தேன். நீயும் வகுத்துப் பார். மிச்சம் மீதி இல்லாமல் பக்கத்துக்குச் சரியாக நாலு பைட்டு. தவறாக அளந்தால் எண் இப்படி அளவெடுத்துத் தைத்தது போல வருமா? நான் பக்கத்துக்கு 96 பைட்டு மிச்சம் பிடித்தேன். உன் போர்டில் யாரோ பக்கத்துக்கு 100 பைட்டில் புதிதாக ஒரு வரி எழுதுகிறார்கள். யார் என்று எனக்குத் தெரியவில்லை. எந்தெந்த வசதியைத் திறந்து, எதையெதை மூடி உன் கர்னலைக் கட்டினாய் என்ற அமைப்புக் கோப்பை முழுக்க அனுப்பு.

போன வியாழக்கிழமை ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மிஷின் உறைவதை நேரில் பார்க்க வேண்டும் என்று. ஒரே அறை, திரைச்சீலை, ஒரு மேசை விசிறி. நர்ஸ் நல்ல கைக்காரி, தலைமாட்டில் நின்றபடியே எல்லாம் செய்கிறாள். ஒரு பெண் படுத்திருந்தாள், ஏழாம் மாதம். குழந்தையின் இதயம் திரையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முந்தைய நோயாளியின் படம் டிஸ்க்குக்குப் போய் முடியவில்லை, அதற்குள் இது ஆரம்பித்துவிட்டது, மெமரி தீர்ந்தது, படம் அப்படியே நின்றது. அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிஸ்டர், ஏன் நின்னுடுச்சு? அடிச்சிட்டுத்தானே இருந்துச்சு?" என்றாள். நர்ஸ், "மிஷின்தாம்மா நின்னுச்சு, குழந்தை நல்லா இருக்கு" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவள் நம்பவில்லை. அணைத்துப் போட்டு மறுபடி இதயத்தைக் காட்ட ஆறு நிமிஷம் ஆனது. அந்த ஆறு நிமிஷமும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிடித்திருக்க மாட்டாள்.

இதை நான் விடப்போவதில்லை. நீ கோப்பை அனுப்பு.

அண்ணி

மார்ச் 22

அண்ணிக்கு,

பார்சலில் 141 தாள். நீங்கள் மெயிலில் கேட்டிருந்தால் ஒரு நொடியில் வந்திருக்கும். பிரிண்டரில் மை தீர்ந்து, அலுவலகத்தில் யார் இவ்வளவு அச்செடுத்தது என்று விசாரணை நடக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

வகுத்துப் பார்த்தேன். நாலு பைட்டுதான். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் இந்த அமைப்பில்தான் இரண்டு வருஷமாக எல்லோருடைய பேட்சையும் அளக்கிறேன். தேடுங்கள். ஒன்றும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாளாக வேலை ஓடவில்லை.

குட்டி

மார்ச் 29

குட்டி,

எண்பத்தேழாவது தாள், கீழிருந்து ஒன்பதாவது வரி. சிவப்பு மையில் வட்டம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

கண்காணிப்பான். திறந்த வழியை யாராவது மூடாமல் போனால் பிடித்துக் கொடுக்கும் அந்தச் சோதனை வசதி. நீ அதைத் திறந்தே வைத்திருக்கிறாய். பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றால் அதற்கும் ஒரு நோட்டு வேண்டுமே. பழைய முறையில் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கட்டாகக் கொடுப்போம், அது கட்டுக்கு ஒரு வரி எழுதும், கணக்கிலேயே வராது. என் முறையில் பக்கம் பக்கமாக இணைக்கிறோம். அதனால் அதுவும் பக்கத்துக்கு ஒரு வரி எழுதுகிறது. ஒரு வரி 100 பைட்டு. நான் மிச்சம் பிடித்ததை எல்லாம் உன் காவல்காரர் தின்றுவிட்டு, மேலே நாலு பைட்டு கடனும் வைத்திருக்கிறார். நோயாளிக்குப் போகும் மிஷினில் அதை யாரும் திறந்து வைப்பதில்லை. மூடிவிட்டு அள.

கண்டுபிடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜெயித்துவிட்டேன் என்று உன்னைக் கிண்டல் செய்து நாலு வரிகூட எழுதினேன். அப்புறம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஏனென்றால், எதையும் மெலிதாக வைத்துக்கொள்கிறவள் நீ. எப்போது இதைத் திறந்து வைத்தாய் என்று யோசித்தேன். டிஸ்க் விபத்துக்குப் பிறகுதானே? உன் கையை நீயே நம்பாமல் போனதால்தானே?

குட்டி, உன் கை தவறவில்லை. தவறு என்னுடையது. என் பேட்சில் போர்டு எழுதி முடிப்பதற்கு முன்பே வழியை மூடும் ஒரு ஓட்டை இருந்தது. விபத்து நடந்த இரண்டாம் நாளே நான் பார்த்துவிட்டேன். பொதுவில் ஒரு வார்த்தை எழுதக்கூடாது, கம்பெனி பொறுப்பேற்க வேண்டிவரும் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அந்தச் சாக்கை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டதும் உண்மை. நீயே ஒன்பதாம் நாள் என் பேட்ச், உன் சேர்ப்பு இரண்டையும் எடுத்துவிட்டாய், விபத்து நின்றது, எல்லோரும் உன் சேர்ப்புதான் என்று சொன்னார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுதுவதற்கு முன்னால் உண்மையை எழுதி எழுதி அழித்தேன். அனுப்பாததற்குப் பெயர் கோழைத்தனம், வேறு பெயர் இல்லை. முதல் கடிதத்தில் பொய் எழுதியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதினேனே, அதைப் படித்தால் எனக்கே கூசுகிறது.

இதைச் சொன்னதால் நீ பேட்சை ஒதுக்கிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. ஒதுக்காதே. என்னை ஒதுக்கு.

அண்ணி

ஏப்ரல் 4

அண்ணிக்கு,

முதலில் வேலை. கண்காணிப்பானை மூடிவிட்டு அளந்தேன். நாலே கால் எம்பி மிச்சம். நீங்கள் எழுதியது சரி, நான் எழுதியது தவறு.

அடுத்தது. இரண்டாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மீதி ஏழு நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுவலகத் தரையில் கம்பளி விரித்துத் தூங்கினேன். கல்யாண ஆல்பத்தை இழந்த ஒருவர், தன் பெண்ணின் ஆராய்ச்சிக் கட்டுரையை இழந்த ஒருவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். என்னைத் திட்டியவர்களுக்கு நன்றி சொன்னேன். ஆறாம் நாள் அம்மாவுக்குப் பிறந்தநாள், நான் வரவில்லை. நீங்கள் போயிருந்தீர்கள். அங்கே உட்கார்ந்து, "அவளுக்கு வேலை ஜாஸ்தி" என்று எனக்காகப் பேசினீர்களாம். அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

ஆத்திரமாக இருக்கிறது, அண்ணி. அழுகையும் வந்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன், உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பேட்சை ஒதுக்க மாட்டேன். உங்களுக்காக அல்ல, எண் சரியாக இருப்பதால். நாளைக்குப் பட்டியலில் எழுதப்போகிறேன்: அளந்ததில் தவறு என்னுடையது, காரணம் இது, திருத்திய எண் இது. கூடவே, நீங்கள் என் அண்ணன் மனைவி என்பதையும் எழுதுவேன். இத்தனை வருஷம் அது யாருக்கும் தெரியாது. தெரியாமல் வைத்துக்கொண்டு என் பேச்சையே திருப்பினால் அது நேர்மை இல்லை. அதனால் முடிவை நான் எடுக்க மாட்டேன். தாடிக்காரரிடம் விடுகிறேன். நம் இருவருக்கும் மேலே இருப்பவர் அவர்தான், யாருக்கும் வளைய மாட்டார்.

இரண்டாம் நாள் விஷயத்தை நான் எழுத மாட்டேன். ஓட்டையைப் போட்டவர்தான் கையெழுத்துப் போட்டுத் திருத்தம் அனுப்ப வேண்டும் என்பது நம் வழக்கம்.

குட்டி

ஏப்ரல் 11

குட்டி,

பட்டியலைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் நீ எழுதியதை எழுத்தெழுத்தாகப் படித்தேன். இவ்வளவு நேராக என்னால் ஒருநாளும் எழுத முடிந்ததில்லை.

அதற்குக் கீழே வந்ததையும் படித்தேன். "சொந்தக்காரி பேட்ச் என்றதும் எண் மாறிவிட்டதா?" என்று ஒருவர். "இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் டிஸ்க்கைக் கெடுத்தவர்தானே இவர், இவர் அளந்தால் யார் நம்புவது, பொறுப்பை விட்டு இறங்கட்டும்" என்று இன்னொருவர். அதற்குப் பதினேழு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். தாடிக்காரர் இரண்டே வரி: இந்தச் சந்தேகம் தீராமல் எடுக்க முடியாது, அடுத்த வெளியீட்டுக்குப் பார்க்கலாம். அடுத்த வெளியீடு ஜூனில். என் மிஷின்களுக்கு ஏப்ரல் முப்பது.

நீ வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் ஒரு வரியில் உன் பெயர் சுத்தமாகியிருக்கும்.

வக்கீலிடம் போனேன். "எழுதினா நீங்க தனியா நிக்கணும், கம்பெனி பின்னால வராது" என்றார். "ரெண்டு வருஷமா பின்னாலதான சார் நின்னேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அண்ணனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர், "நீ முதல்ல அவகிட்ட சொன்னியே, அது நல்லது" என்று மட்டும் சொன்னார்.

நாளை காலை பத்து மணிக்குப் பட்டியலுக்குப் போகும் கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. ஓட்டை எந்த வரியில் இருந்தது, எந்தத் தேதியில் பார்த்தேன், எத்தனை நாள் மறைத்தேன், எல்லாம் தேதியோடு இருக்கிறது. உன் சேர்ப்பு சரியாக இருந்தது என்பதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். கம்பெனி முகவரியிலிருந்து அனுப்பவில்லை. என் சொந்த முகவரியிலிருந்து போகிறது.

இந்தக் கவர் உன் கைக்கு வரும்போது அது போய்விட்டிருக்கும். நிறுத்தச் சொல்லி நீ எழுத வழி இருக்கக்கூடாது என்றுதான் இப்படி.

அண்ணி

ஏப்ரல் 20

குட்டி,

நீ பட்டியலில் பார்த்திருப்பாய், இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். தாடிக்காரர் எடுத்துக்கொண்டார். "தன் பிழையைத் தேதி போட்டு எழுதுகிறவரின் எண்ணை நான் நம்புகிறேன். இருந்தாலும் நானும் அளந்தேன்" என்று எழுதியிருந்தார். அந்த இரண்டாவது வாக்கியம் உன் வாயிலிருந்து வந்தது போலவே இருந்தது. உன்னை இறங்கச் சொன்னவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதையும் பார்த்தேன். பதினேழு பேரில் ஐந்து பேர்தான் கேட்டார்கள், மீதிப் பேருக்கு அன்றைக்கு வேறு வேலை போல.

அன்று மாலையே டைரக்டர் கூப்பிட்டார். கர்னல் பக்கம் ஏற்றுக்கொண்ட அத்தாட்சியை மேசையில் வைத்திருந்தார். எங்கள் பாதுகாப்புக் குழு புதுக் கர்னலை ஏற்கெனவே சோதித்து முடித்து, இந்தத் தாளுக்காகத்தான் காத்திருந்தது. அவர் நல்லவர்தான், சுற்றி வளைக்கவில்லை. "முப்பதுக்குள்ள புது கர்னல் ஏறின மிஷின் அங்கயே இருக்கும். நீங்க இருக்க முடியாதும்மா" என்றார். முப்பதாம் தேதி மாலையோடு என் அடையாள அட்டை வேலை செய்யாது. சரி சார் என்றேன். 

ஏற்றுவதை நான்தான் செய்ய வேண்டும், படிவத்தில் என் கையெழுத்துக்குத்தான் அனுமதி. மற்றவர்களை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பதினைந்தை வேனில் ஓடி ஓடி முடித்துவிட்டேன். மீதிப் பதினொன்று தூரத்து ஊர்கள். வேனை நேற்றோடு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் போனால் ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடியும், அதுவும் பஸ் ஒழுங்காக வந்தால். முப்பதுக்குள் ஏறாதது திரும்பி வந்துவிடும். எத்தனை முடியுமோ அத்தனையை முடிக்காமல் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மீதிப் படிவங்கள் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வரும், சனிக்கிழமை, 24ஆம் தேதி கிளம்புகிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வந்தேன். எழுதிப் பார்த்தால் அது உன்னிடம் இன்னொரு தயவு கேட்பது போல இருக்கிறது. அதனால் விட்டுவிட்டேன். நீ என்ன நினைக்கிறாயோ அதுவே இருக்கட்டும்.

அண்ணி

ஏப்ரல் 22

அண்ணிக்கு,

ஏழு நாள், பதினொரு ஊர், பஸ். அளந்து பார்த்தேன், வராது. அதிகபட்சம் ஏழு. நாலு மிஷின் திரும்பி வந்துவிடும்.

என்னிடம் கார் இருக்கிறது. வரைபடத்தில் வழி போட்டுப் பார்த்தேன். முதல் நாள் இரண்டு, கடைசி நாள் ஒன்று, நடுவில் தூரம் அதிகமான இரண்டு நாள் ஒவ்வொன்று, மீதி எல்லா நாளும் இரண்டிரண்டு. முடிந்துவிடும், அரை நாள் கையில் மிஞ்சும். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏற்றுவதும் கையெழுத்துப் போடுவதும் நீங்கள். ஓட்டுவது நான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த ஏழு நாளை நான் மறக்கவில்லை. இப்போதைக்கு மறக்கவும் மாட்டேன். போகிற வழியெல்லாம் அதைப் பற்றிக் கேட்பேன், நீங்கள் பதில் சொல்ல வேண்டும், இந்த ஏழு நாளும். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலில் நிற்பேன். பின் சீட்டில் ஏறிவிடாதீர்கள், முன்னால் உட்காருங்கள்.

குட்டி